கடன்காரியின் கணக்கு

1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில் ஓரிடத்தில் பெண் தனியாகக் குறிப்பிடப்படுகிறாள். எந்தெந்தக் கடன்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று பட்டியல் போடும் நான்காம் பிரிவில் அவள் வருகிறாள். வேறு சொத்து எதுவும் இல்லாத ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய கடன், அசல் 3,000 ரூபாய்க்கு மேல் போகாத வரையில், அதைக் குறைக்கக் கூடாது என்கிறது அந்த உட்பிரிவு. கணவனை இழந்து, கைக்கு வந்த சிறு தொகையை வட்டிக்கு விட்டுச் சாப்பிட்ட பெண்களை நினைத்து எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கும்போதே புரிகிறது. அவர்களைக் காப்பாற்றியது நியாயம்தான். ஆனால் கடன் கொடுத்த பெண்ணைப் பார்த்த சட்டம், கடன் வாங்கிய பெண்ணைப் பார்க்கவில்லை.

ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த அந்தச் சட்டம் அன்றைக்குத் துணிச்சலானது. 1929-க்குப் பிந்தைய பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. பத்திரத்தில் எழுதிய கடன் தொகை மட்டும் விழாமல் நின்றது. 1937 அக்டோபர் 1 வரை சேர்ந்திருந்த நிலுவை வட்டியை முழுவதுமாகத் தள்ளினார்கள். அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றார்கள். ஆனால் இதெல்லாம் 'விவசாயி'க்கு. நிலத்தில் விற்கத்தக்க உரிமையோ குத்தகை உரிமையோ உள்ளவர்தான் விவசாயி. கூலிக்கு நாற்று நட்டவள் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டாள். மீன் விற்றவளுக்கு வழியே இல்லை. கடலுக்கு ஏது பட்டா?

கடன் நிவாரணத்தின் வரலாற்றை நான் இப்படித்தான் படிக்கிறேன்: எவ்வளவு தள்ளுபடி என்ற கேள்விக்கு முன்னால், யாரைக் கடனாளி என்று அரசு ஒப்புக்கொள்கிறது என்ற கேள்வி நிற்கிறது. இன்று வீட்டுக்கடன் சுமைக்கு அரசு ஏதாவது செய்ய வேண்டும் என்று தெருவுக்கு வரும் பெண்களின் போராட்டமும் அந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது. காட்டுப்பள்ளிக் கரையிலிருந்து பார்த்தால் அது தெளிவாகவே தெரியும்.

சொல்

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். கடன் என்றால் கடமை. புறநானூற்றின் 312-ஆம் பாடலில் பொன்முடியார் தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கும் வேந்தனுக்கும் இளைஞனுக்கும் ஒவ்வொன்று என்று கடன்களைப் பங்குவைக்கிறார். பாடியவர் பெண். முதலில் கடன் சொல்லப்படுவதும் தாய்க்கே. பிற்காலத்தில் வாங்கிய பணத்துக்கும் அதே சொல் நின்றுவிட்டது. வாங்கியதைத் திருப்பித் தருவது கடமை என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைத் தேடி வந்ததற்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

பேச்சுத் தமிழில் 'கடன்காரன்' என்றால் கொடுத்தவனும்தான், வாங்கியவனும்தான். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்வோம். 'கடன்காரி'க்கு அந்த இரட்டைப் பொருள்கூட இல்லை. பல வீடுகளில் அது பெண்பிள்ளையைத் திட்டும் சொல். ஒரு பைசா வாங்காமலே பெண் கடன்காரி ஆகிவிடுகிறாள், பிறந்ததற்காக. அவள் உண்மையாகவே கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கும்போது அவளைக் குறிக்க மரியாதையான ஒரு சொல் கைவசம் இல்லை.

கரை

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே, கிழக்கே வங்கக் கடல், மேற்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும், இடையில் மணல்திட்டு. அதுதான் காட்டுப்பள்ளி. கடலுக்குள் போவது ஆண்களின் வேலை. பிடித்ததை விற்பது, உலர்த்துவது, கருவாடாக்கித் தலையில் சுமந்து மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் கொண்டுபோவது பெண்களின் வேலை. பழவேற்காடு ஏரியில் முறைவைத்து வலைவீசும் 'பாடு' உரிமை ஆண்களுக்கானது. கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு எந்தப் பாடும் கிடையாது. கையும் தண்ணீரும்தான் முதலீடு.

அந்தத் தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்பதைத் தேதிவாரியாகச் சொல்லலாம். 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை. அடுத்து, காட்டுப்பள்ளிக் குப்பத்தையே இடம்பெயரவைத்து எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும். 2018-இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதைச் சுமார் 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்காமல் தள்ளிப்போயின. சுற்றுவட்டார மீனவப் பெண்கள் தெருவில் உட்கார்ந்ததற்கு அதில் பங்கு உண்டு.

சாம்பலும் சுடுநீரும் கழிமுகத்தில் கலந்தன. முகத்துவாரம் மண் தட்டியது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். அப்போது நிவாரணம் அறிவித்தார்கள்: மோசமாகப் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். கணக்கில் குடும்பம் இருந்தது, படகு இருந்தது. எண்ணெய் வாடை அடிக்கும் மீனை வாங்க ஆளில்லாமல் தேக்சாவோடு திரும்பி வந்தவளின் அன்றாட நட்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?

மீன் குறைந்தால் படகு இன்னும் தூரம் போக வேண்டும். தூரம் போனால் டீசல் கூடும். டீசலுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் அவர் சொல்லும் விலைக்குத்தான் மீனைப் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் கிடைக்கும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. இந்த ஓட்டைகள் அத்தனையையும் அடைக்கும் பொறுப்பு வீட்டில் யாருக்கு வருகிறதோ, அவள் பெயரில்தான் கடன் எழுதப்படுகிறது. ஆதார் அட்டை அவளுடையது, கையெழுத்து அவளுடையது, வாராவாரம் குழுக் கூட்டத்தில் உட்காருவது அவள்.

நான்கு சதவீதத்திலிருந்து

இதே மாவட்டத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. தமிழ்நாட்டின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் திருவள்ளூருக்கு அருகே திரூரில்தான் தொடங்கப்பட்டது. அதற்கு வழிவகுத்த அறிக்கைகளை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன்தான் பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கும் அடிப்படை போட்டவர். விவசாயியின் கடன், மீனவரின் கடன் இரண்டையும் ஒரே அதிகாரி கவனித்திருக்கிறார். நிலமும் வலையும் அவர் கண்ணில் பட்டன.

பெண்ணின் கூடை முக்கால் நூற்றாண்டு கழித்துத்தான் பட்டது. 1978-இல் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் தெருவில் காய்கறி, பூ, மீன் விற்றவர்கள். காலையில் வாங்கிய பணத்தை மாலையில் வட்டியோடு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். 1969-இல் வங்கிகள் தேசியமயமாகி, 1972-இல் மிக ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் வந்திருந்தது. அந்தக் கடன் எங்களுக்கும் வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள், வாங்கினார்கள். பெண்கள் கடனுக்காக இயக்கம் நடத்திய காலம் அது. கோரியது அரசு வங்கியின் பணம். விலை 4 சதவீதம்.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1992-இல் நபார்டு வங்கியின் சுய உதவிக் குழு இணைப்பு, 1997-க்குப் பிறகு மகளிர் திட்டம் என்று குழுக்கள் பெருகின. அவை பெண்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தன. பஞ்சாயத்துத் தலைவர்களை, சாராயக்கடை மறியலை, கையெழுத்துப் போடத் தெரிந்த தாய்மார்களைத் தந்தன. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது என்ற அந்த நம்பிக்கையை வைத்துத்தான் தனியார் நுண்கடன் வந்தது. பெண்கள் சேர்ந்து உட்காரும் பாய் ஏற்கெனவே விரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் தவணையை நீயும் சேர்ந்து கட்டு என்று சொன்னபோது, தோழமை வசூல் கருவியானது.

2010 அக்டோபரில் ஆந்திர அரசு, தற்கொலைகளைத் தொடர்ந்து நுண்கடன் நிறுவனங்களுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த அதிர்ச்சியில்தான் ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்து, 2011-இல் 26 சதவீதம் என்று வட்டிக்கு உச்சவரம்பு வைத்தது. பெண்களின் மரணங்களைக் கொடுத்து வாங்கிய வரம்பு அது. 2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியே வட்டியை நிறுவனங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதியை மட்டும் வைத்தது. அதே ஆண்டு மே 10 அன்று, ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டிக்கடைச் சட்டங்கள் பொருந்தாது என்று கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு வார இடைவெளியில் டெல்லியின் கதவும் மாநிலத்தின் கதவும் சாத்தப்பட்டன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40,000 ரூபாய், இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 24 சதவீதம், குறையும் அசலுக்கு வட்டி. மாதத் தவணை சுமார் 2,115 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 50,750. இதே தொகைக்கு 4 சதவீத வட்டி என்றால் தவணை 1,737. வட்டி மொத்தமே 1,700-க்குள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 9,000 ரூபாய்தான், 1978-இல் பெண்கள் கேட்டுப் பெற்றதற்கும் இன்று அவர்களைத் தேடி வருவதற்கும் உள்ள தூரம். 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், இப்படியான ஒரு தவணையில் பாதிகூட இல்லை. மூன்று நிறுவனங்களில் கடன் இருக்கும் வீட்டில் அது வந்த தடம் தெரியாமல் போகும்.

மனு

காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஆறு பெண்கள், என் மாணவி ஒருத்தியின் அம்மாவோடு, மனு எழுதித்தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். தவணையை நிறுத்திவைக்க வேண்டும், வட்டியைக் குறைக்க வேண்டும், இதுதான் கேட்பது. எழுத உட்கார்ந்ததும் முதல் வரியிலேயே நின்றுபோனோம். என்ன காரணத்துக்காக வாங்கிய கடன் என்று எழுதுவது? ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர் விரல்விட்டு எண்ணினார்.

"முத லோனு அவரு ஆஸ்பத்திரி செலவுக்கு டீச்சர். ரெண்டாவது, முத லோனு கட்டறதுக்கு. மூணாவது, ரெண்டாவதுக்கு. அப்ப மூணுமே ஆஸ்பத்திரிக்குத்தான?"

விண்ணப்பங்களில் அவரவர் சொன்னபடி எழுதப்பட்டிருந்த காரணங்கள் வேறு: தையல் இயந்திரம், கறவை மாடு, சிறுதொழில். அந்தத் தெருவில் மாடே இல்லை.

மனுவை எடுத்துக்கொண்டு போன அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் கோபப்படவில்லை, விரட்டவும் இல்லை. பொறுமையாகக் கேட்டார்: "இது பயிர்க்கடனா, நகைக்கடனா, கூட்டுறவுக் கடனாம்மா?" மூன்றும் இல்லை. "அப்போ எந்தத் தலைப்புல பதிவு பண்றது?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தத் தலைப்பு இல்லை என்பதுதான் மனுவின் பொருளே.

தலைப்பு இருந்த காலம்

தலைப்பு எப்போதுமே இல்லாமல் இருந்ததில்லை. 1976-இன் கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடன் எதையும் திருப்பித்தர வேண்டியதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. செங்குன்றம் வட்டாரத்து அரிசி ஆலைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் விடுதலை பெற்றது அந்தச் சட்டத்தால்தான். 1980-இன் தமிழ்நாடு கடன் நிவாரணச் சட்டம் நிலத்தை விட்டுவிட்டு, குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. கடனாளி யார் என்பதை வீட்டை வைத்து வரையறுக்க முடியும் என்பதற்கு அதுவே முன்மாதிரி. வங்கிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் தரவேண்டிய கடன்களை அது விட்டுவிட்டது. அன்றைக்கு ஏழை வீட்டுக் கடன் அடகுக்கடையிலும் வட்டிக்காரரிடமும் இருந்ததால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

2021-இல் வந்த தள்ளுபடிகளைப் பாருங்கள். பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன். ஆட்சி மாறிய பிறகு கூட்டுறவில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன். தொடர்ந்து சுய உதவிக் குழுக்கள் கூட்டுறவு நிறுவனங்களில் வாங்கியிருந்த சுமார் 2,756 கோடி. கடைசியானது பெண்களின் குழுக்களை முன்வைத்தது. அது பெரிய விஷயம். ஆனால் மூன்றும் கூட்டுறவு வாசலோடு நின்றன. கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி தவணையை ஒத்திவைத்தபோதும் வசூலுக்கு ஆள் வருகிறது என்று பல மாவட்டங்களில் மாதர் சங்கத்தினர் போராடினார்களே, அந்தக் கடன்கள் வாசலுக்கு வெளியில் இருப்பவை.

2025-இல் கர்நாடகத்தைத் தொடர்ந்து தமிழ்நாடும் கடன் வசூலில் மிரட்டலையும் வன்முறையையும் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. சிறைத்தண்டனை உண்டு, அபராதம் உண்டு. வீட்டு வாசலில் நின்று நாலு பேர் கேட்கப் பேசினால் இனிப் புகார் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. இது இயக்கங்களின் வெற்றி. ஆனாலும் இந்தச் சட்டம் வசூலிக்கும் விதத்தைக் கேட்கிறது. வசூலிக்கும் தொகையைக் கேட்பது 1938-ஐப்போல இன்னொரு சட்டத்தால்தான் ஆகும். மரியாதையாகப் பேசி வாங்கினாலும் தவணை 2,115 ரூபாய்தான்.

கேட்க வேண்டியவை

முதலில் கணக்கெடுப்பு. 1938 சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு மூன்றாண்டு முன்னால், 1935-இல், சத்தியநாதன் என்ற அதிகாரி மாகாணத்தின் விவசாயக் கடனை ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார். இன்று இந்தியக் குடும்பங்களின் கடன், நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 42 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. அந்த எண்ணில் தண்டல்காரரின் நோட்டு இல்லை, மீன் வியாபாரியின் முன்பணம் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து எண்ணூர் வரையிலான தொழிற்பகுதியில் வீடுவீடாக, பெண்ணின் பெயரில் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டிக்கு என்று அரசு எண்ண வேண்டும்.

இரண்டாவது, கடனைக் கட்ட வாங்கிய கடனைப் புதுக் கடனாகப் பார்க்கக் கூடாது. அந்த அக்கா விரல்விட்டு எண்ணியது போலத்தான் சட்டமும் எண்ண வேண்டும்: மூன்றும் ஒரே ஆஸ்பத்திரிக் கடன். முதல் அசலுக்கு மேல் எவ்வளவு கட்டினால் கடன் தீர்ந்தது என்று ஒரு வரம்பு வேண்டும். இரட்டிப்புக் கட்டினால் தீர்ந்தது என்று எழுத 1938-இல் கை நடுங்கவில்லை. மாநிலத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது என்றால், வட்டி உச்சவரம்பைத் திரும்பக் கொண்டுவரும்படி ஒன்றிய அரசையும் ரிசர்வ் வங்கியையும் கேட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போடட்டும்.

மூன்றாவது, மலிவான பொதுக் கடன். மீன்வரத்து குறையும் காலத்துக்காக மீனவப் பெண்கள் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 சேர்த்துத் தரும் திட்டம் இருக்கிறது. பெண்ணை மீனவர் என்று ஒப்புக்கொள்ளும் அரிதான திட்டம் அது. அந்தப் பதிவேட்டையே வைத்து, பட்டா கேட்காமல், இறால் தடவும் இருளர் பெண்களையும் சேர்த்து, 4 சதவீதத்தில் கூட்டுறவுக் கடன் கொடுக்கலாம். சங்கம் தொடங்க இடம் தேட வேண்டாம். திரூர் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

நான்காவது, கடலோரத்தில் எந்தத் திட்டம் வந்தாலும் அதன் தாக்கத்தை மதிப்பிடும்போது கடனையும் சேர்க்க வேண்டும். ஆழப்படுத்தும் மண் எத்தனை கன மீட்டர் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதனால் மீன்பாடு குறையும் ஆண்டில் ஒரு வீடு எத்தனை தவணை தவறும் என்று எழுதவும் தெரிய வேண்டும். வாழ்வாதாரம் போனதை நிரூபிக்கச் சொல்லும்போது பெண்களிடம் வேறு ஆவணம் இல்லை. தவணை நோட்டு இருக்கிறது. எந்த மாதத்தில் மீன் இல்லை, எந்த மாதத்தில் எண்ணெய் கொட்டியது, எப்போது புதுக்கடன் வாங்கினார்கள் என்று தேதியோடு அதில் இருக்கிறது. இந்தக் கரையின் சூழலியல் வரலாற்றை எழுத நினைப்பவர்களுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

கிராமசபை கூடும் நாட்களில் கடன் பற்றிய தீர்மானம் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. நோட்டுகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொருவரும் தன் தொகையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடன் வெட்கமாக இருக்கும் வரையில் அது வீட்டுக்குள்ளேயே கிடக்கும், ஒவ்வொருத்தியும் தனியாகக் கடன்காரி. கூட்டிப் போட்டால் அது ஊரின் கடன். பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதற்கு ஒரு தலைப்பும் கிடைத்துவிடும்.